ஓடுபாதையில் காயும் வற்றல்

நான் வசிக்கும் ஆஸ்திரேலியச் சிற்றூரில் காலைதோறும் ஒரு குட்டி விமானம் எங்கள் கூரைகளுக்கு மேலே தாழப் பறந்து, இறக்கையைச் சற்றே சாய்த்துக் காட்டிவிட்டுப் போகும். அது வணக்கமாம். அண்டை வீட்டார் தோட்டத்தில் நின்றபடி கையசைப்பார்கள். நான் அசைப்பதில்லை. மேலேயிருந்து ஒருவர் என்னைக் கவனிப்பது எனக்கு உவப்பானதாக இருந்ததே இல்லை. நான் பெண்ணெடுத்த கரிசல் பூமியில், கவனித்துப் பார்க்கிறவர் எதையோ அளந்துகொண்டிருக்கிறார் என்றே பொருள்.

இங்குள்ள விமானதளத்தின் தகரக் கொட்டகையில் அதன் வரலாற்றைப் படங்களாக மாட்டிவைத்திருக்கிறார்கள். முதலில் இறங்கிய விமானம், வெள்ளத்தின்போது ரொட்டி கொண்டுவந்த விமானம், ஓட்டியவர்களின் பெயர்கள். அதைப் பராமரிக்கும் கிரஹாம் என்ற ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருமுறை, "உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று உண்டா?" என்று கேட்டார். உண்டு, அதில் மிளகாய் வற்றல் காயும் என்றேன். "எப்போது மூடினார்கள்?" என்றார். யாரும் மூடவில்லை, சரியாகத் திறக்கவும் இல்லை என்றேன். நகைச்சுவை என்று எண்ணி அவர் உரக்கச் சிரித்தார். என் மனைவி பொன்மணி சிரிக்கவில்லை. "இவருகிட்ட எதுக்கு இதெல்லாம் சொல்லுதீய? நாளைக்கே நெலம் அளக்க டேப்பைத் தூக்கிக்கிட்டு வந்துருவாவ" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். சென்ற குளிர்காலத்தில் அவள் இறந்துபோனாள்.

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டின் நடுவில், அவள் பிறந்த ஊரை ஒட்டிக் கிடக்கிறது அந்தத் தார்த்தளம். யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது என்பார்கள் சிலர். ஒரு மில் முதலாளி தன் சொந்த விமானத்துக்காகப் போட்டது என்பார்கள் வேறு சிலர். தேர்தலுக்கு வந்த அமைச்சருக்காக என்றும் ஒரு கதை உண்டு. எந்தக் கதையை யார் சொல்கிறார் என்பது, அவருடைய புஞ்சை எந்தப் பக்கம் போயிற்று என்பதைப் பொறுத்தது. வெள்ளைக்காரனிடம் நிலத்தைத் திருப்பிக் கேட்க முடியாது, முதலாளியின் வாரிசுகளிடம் கேட்கலாம். எங்களுக்குத் திருமணமான புதிதில் ஒரே ஒரு விமானத்தைப் பார்த்தேன். தளம் முழுக்கச் சிவப்பாக வற்றல் கிடந்ததால் வட்டமிட்டுவிட்டு இறங்காமலே போய்விட்டது. விமானங்களைவிட நில அளவைக்காரர்கள்தான் அதிகம் வந்தார்கள். அதனால் ஊரில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. அறியாத முகம் ஒன்று காரிலிருந்து இறங்கினால், பெண்கள் வற்றல் மூட்டைகளை அவிழ்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரித்துவிடுவார்கள். தளம் சும்மா கிடக்கவில்லை என்று காட்டுவதற்கு.

தன் சாம்பலைத் தகப்பனாரின் புஞ்சையில் சேர்க்க வேண்டும் என்பது பொன்மணியின் விருப்பம். அந்தப் புஞ்சை தளத்தின் விளிம்பில் இருக்கிறது. இப்போது அதில் விவசாயம் செய்பவன் அவள் தம்பி வேலுச்சாமி. நான் சாம்பலோடு போய் இறங்கியபோது கோவில்பட்டி ரயில் நிலையத்துக்கு வந்து, காப்பி வாங்கிக் கொடுத்து, மரியாதையாகவே அழைத்துப்போனான். பாதி வழியில்தான் பேசினான்.

"அத்தான், தாமிரபரணியில கரைச்சிருவோமே. அதானே முறை."

அவள் கேட்டது வேறு என்றேன்.

"தளத்தைப் பெருசாக்கப் போறாவன்னு ஒரு பேச்சு ஓடுது. இந்த நேரத்துல அக்கா சாம்பல் நம்ம காட்டுல கெடந்தா, நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவ."

"நாலு பேரா, நீயா?"

அந்தப் புஞ்சையில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. அவள் அதைக் கேட்டதில்லை. நான் கொண்டுவந்திருப்பது சாம்பலா, எல்லைக்கல்லா என்று அவன் எண்ணுவது எனக்குப் புரிந்தது. ஆற்றின் மீது அவனுக்குத் திடீரென்று பிறந்த பக்தியை நானும் நம்பவில்லை.

முந்தைய நாள் கோடை மழை பெய்திருந்தது. காடெல்லாம் சேறு, காய்ந்திருந்தது தார் மட்டும்தான். தளத்தருகே நான் காலணியோடு, கையில் பையோடு காரிலிருந்து இறங்கியதும் பெண்களின் மூட்டைகள் அவிழ்ந்தன. சிவப்பு எங்களை நோக்கி நகர்ந்து வந்தது.

"ஏட்டி மாரி, நிறுத்துங்கட்டி. இவிய நம்ம பொன்மணி அக்கா வீட்டுக்காரர்லா" என்றான் வேலுச்சாமி.

மாரி என்ற அந்தப் பெண் நிமிர்ந்தாள். "தெரியுது அண்ணாச்சி. யாரா இருந்தா என்ன, ஷூ போட்டுக்கிட்டு எறங்குனா விரிக்கதுதான்." பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நெனைக்காதீய. அக்கா இருந்தா அவியளும் விரிச்சிருப்பாவ."

விரித்திருப்பாள்தான். வேலுச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். சிரிப்பு நின்ற பிறகும் சற்று நேரம் திரும்பவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு எனக்கு முன்னால் புஞ்சைக்குள் இறங்கினான். விளிம்பிலேயே நான் குனிந்தபோது தடுத்தான். "ஓரத்துல வேண்டாம் அத்தான். ஓரம் தளத்துக்குப் போயிரும். நடுவுல வாங்க." நடுவில் அவனே கையால் மண்ணைத் தோண்டினான். அது பரிவா, முன்யோசனையா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அவளை அங்கே சேர்த்துவிட்டு வந்தேன்.

ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது, பண்ணை நிலத்துக்குப் போனீர்களா என்று, வெளிநாட்டு மண் உள்ளே வராமல் காக்கும் அதிகாரி கேட்டார். ஆம் என்றேன். கையுறையணிந்து என் காலணிகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. காலுறையோடு நின்றேன். ஒரு துளி கரிசல் இல்லாமல் துடைத்துக் கொண்டுவந்து, "புதியவை போலாகிவிட்டன" என்று புன்னகைத்தார். நன்றி சொன்னேன்.

மறுநாள் காலை அந்தக் காலணிகளோடு தோட்டத்தில் நின்றிருந்தேன். விமானம் தாழ வந்து இறக்கையைச் சாய்த்தது. விரித்துக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. கையை மட்டும் உயர்த்தினேன்.