மீனுக்கு விலை பேசாத வீடு

எங்கள் வீட்டில் மீனுக்கு விலை பேசக் கூடாது. கடவப் பெட்டியைத் தலையில் சுமந்து வருகிற மீன்காரி யாராக இருந்தாலும் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுக்க வேண்டும். அவள் குடித்து முடித்த பிறகுதான் என்ன மீன் என்று கேட்கலாம். சொன்ன காசை மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும். இது அப்பா போட்ட சட்டம். அப்பாவுக்கு அவருடைய அப்பா போட்டது. கத்தரிக்காய்க்காரனை அழ வைத்து அனுப்பும் என் அம்மா, சாளை மீன் விற்பவள் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். புதுக்கடைச் சந்தைக்குப் போகிற மீன்காரிகள் எல்லோருக்கும் இந்தச் சங்கதி தெரியும். எங்களுக்கென்றே ஒரு தனி விலை வைத்திருந்தார்கள் என்பது என் சந்தேகம். ஊரில் எங்களுக்கு இளிச்சவாயன் வீடு என்று பேர். காரணம் கேட்டால் அப்பா, "எனக்க அப்பா சொன்னாரு, நான் செய்யுதேன்" என்பார். அதற்கு மேல் அவருக்கே தெரியாது.

அப்பா இறந்த மறு வருடம், குடும்ப வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அப்பாவின் அப்பாவை நாங்கள் பாட்டா என்போம். மிஷன் பள்ளி வாத்தியார். அவருடைய பெரிய வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத் தாள்களில் வீட்டு விசேஷங்களை எழுதி வைத்திருந்தார். முப்பதுகளின் தொடக்கத்துத் தாளில் பசு கன்று போட்டது இருந்தது. வரிக்கைப் பலா நட்டது இருந்தது. அப்பா பிறந்தது இருந்தது. அதற்கு அடுத்த வரியில், பத்து நாள்கூட ஆகாமல், பாட்டாவின் மனைவி காய்ச்சலில் இறந்தது இருந்தது. அதன்பின் அப்பாவின் ஞானஸ்நானம். சபைப் பதிவேட்டில் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அவ்வளவுதான்.

பிறந்ததும் பிழைத்ததும் சரி. பத்து நாள் பிள்ளை எந்தப் பாலைக் குடித்துப் பிழைத்தது என்று ஒரு தாளும் சொல்லவில்லை. அதைச் சொல்ல உயிரோடு இருந்தது அப்பாவின் அக்கா ஒருத்திதான். அத்தை அருமனையில் மகள் வீட்டில் இருந்தாள். பஸ் ஏறிப் போனேன்.

"மாட்டுப்பால் குடுத்தா அப்பமே சர்த்திப்பான் மக்கா, வயித்துல நிக்காது," என்றாள். "கஞ்சித் தண்ணி விட்டுப் பாத்தோம், அதுவும் நிக்கல. எலும்பும் தோலுமாக் கெடந்தான். சவப்பெட்டி செய்ய ஆசாரிகிட்ட சொல்லணுமாண்ணு எங்கப்பா யாருகிட்டயோ கேட்டது எனக்க காதுல விழுந்துது. நான் சின்னப் பிள்ள. கட்டிலுக்கடியில போயி இருந்து அழுது கரைஞ்சேன்."

அப்போதுதான் கடற்கரையிலிருந்து ஒரு பெண் மீனோடு வந்திருக்கிறாள். முற்றத்தில் கடவத்தை இறக்கியவள் உள்ளே பிள்ளை அழுகிற சத்தத்தைக் கேட்டு விசாரித்தாள். விஷயம் தெரிந்ததும் பாட்டாவிடம், "எனக்க பால்குடிப் பயல வீட்டில போட்டுட்டுத்தான் வாறேன். பாலு கெட்டி நெஞ்சு நோவுது. பிள்ளைய இங்க தாரும் சாரே" என்றாளாம். வேலியோரம் நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். அவள் மீன்காரி, அதோடு கத்தோலிக்கச்சி. புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்த எங்கள் ஆட்கள் அவர்கள் கோயில் வாசலைக்கூட மிதிக்காத காலம். பாட்டா யாரையும் பார்க்கவில்லை. தானே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். கையைக் கழுவி, மிச்சத்தைக் குடித்துவிட்டு அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

பிறகு தினமும் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு தடவை, திரும்புகிற வழியில் ஒரு தடவை. அப்பா தேறினார்.

"ஆனி ஆடியில கடலு பொங்கிக் கெடக்கும். கட்டுமரம் எறங்காது, மீனு இல்ல. இனி அவ எதுக்கு வரப்போறாண்ணு நாங்க நெனச்சோம்," என்று அத்தை நிறுத்தினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "வெறுந்தலையோட மழையில நனைஞ்சிட்டு வந்தா மக்கா. விக்கதுக்கு ஒண்ணும் இல்ல. பால் குடுக்கதுக்குண்ணே நடந்து வந்தா."

பாட்டா ரூபாய் நீட்டியபோது அவள் வாங்கவில்லையாம். "காசு மீனுக்குத்தான் சாரே" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து பாட்டா மீனுக்கு விலை பேசியதில்லை.

"அவங்க பேரு என்ன அத்தை?"

"கேக்கல மக்கா. மீன்காரிண்ணுதான் கூப்பிட்டோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கன்றுக்குட்டிக்கு ஒரு வரி உண்டு, பலாக்கன்றுக்கு ஒரு வரி உண்டு, இவளுக்கு இல்லையா? பஸ்ஸில் திரும்பும்போது பாட்டாவோடு மனசுக்குள் சண்டை பிடித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து அம்மா மீன்காரிக்குத் தண்ணீர் கொடுப்பதைப் பார்த்த பிறகுதான் கோபம் கொஞ்சம் இறங்கியது. தாளில் எழுதாததை அந்த மனுஷன் வேறு விதமாக எழுதித்தான் வைத்திருக்கிறார். ஆனாலும், அவள் வீட்டார் ஒருவரையாவது நேரில் பார்த்து நன்றி சொல்லாமல் குடும்ப வரலாற்றில் ஒரு வரி எழுதுவதில்லை என்று வைராக்கியம் வந்துவிட்டது.

அத்தைக்கு அவள் ஊர் ஞாபகம் இருந்தது. ஒரு நாள் அவள் தன் பயலை இடுப்பில் வைத்துக் கொண்டுவந்ததும், அவன் ஒரு கையில் ஆறு விரல் இருந்ததும் ஞாபகம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அந்தக் கடற்கரைக்குப் போனேன். வெற்றிலைக் கடையில் விசாரித்ததும், "ஆறுவிரல் பாட்டாவா? அவரு போயி ரெண்டு வருசமாச்சே" என்று சொல்லி வீட்டைக் காட்டினார்கள்.

அவருடைய மகள் முற்றத்தில் நெத்திலி காயப்போட்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். முதலில் என்னைக் கடன் வசூலிக்க வந்தவன் மாதிரிதான் பார்த்தாள். நான் சொல்லச் சொல்லக் கையிலிருந்த நெத்திலியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பாட்டி பால் கொடுத்த கதை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஆனா ஒண்ணு உண்டு," என்றாள். "எங்க வீட்டில அந்திக்கு செபமாலை முடிச்சா ஒரு செபம் கூடுதலாச் சொல்லுவோம். வாத்தியாரு வீட்டுப் பிள்ளைக்குண்ணு. பாட்டி தொடங்கினது. அப்பா விடல, நாங்களும் விடல. அது யாரு எவருண்ணு யாருக்கும் தெரியாது. சாகக் கெடந்த பிள்ள, நல்லா இருக்கணும்ணு மட்டும் அப்பா சொல்லுவாரு."

நன்றி சொல்லத்தான் போயிருந்தேன். அவர்களுடைய அந்திச் செபத்தில், எங்களுக்குத் தெரியாமலே, அப்பா இத்தனை வருடம் இருந்திருக்கிறார்.

"அந்தப் பிள்ள எனக்க அப்பா," என்றேன். "போன வருசம் தவறிட்டாரு."

"எத்தன வயசு வர இருந்தாரு?"

"எழுபதுக்கு மேல."

அவள் கோயில் பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்போ மாதா கேட்டிருக்கு," என்றாள்.