தறிக்கு மேலே ஒரு மரக்கிளி

பச்சையப்பன் ஆசாரி உளியைக் கையில் எடுத்தால் கமண்டல நாகநதி ஓட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும். அவர் இழைக்கிற மரத்தூள்கூட அவரிடம் கேட்டுவிட்டுத்தான் தரையிறங்கும். நதி ஓடியே பல நாளாகிறது என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்வதில்லை.

அப்பேர்ப்பட்டவர் அன்றைக்குக் கமலத்தின் வீட்டுக் கூடத்தில் ஒரு இற்றுப்போன கிளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவில் பாரம் தாங்குகிற போதிகையில் செதுக்கிய கிளி. ஓடு ஒழுகி ஒழுகி, விரலால் அழுத்தினாலே புட்டு மாதிரி உதிர்ந்தது. பிழைப்புக்குப் பள்ளிக்கூட பெஞ்சு அடிக்கிறவர், புதுக் கிளிக்கு மூக்கு சரியாக வரவில்லையென்று இரண்டு கட்டைகளை அடுப்புக்குக் கொடுத்திருந்தார்.

சிக்கல் கீழே இருந்தது. உத்திரத்துக்கு நேர் கீழே குழித்தறி. அதில் கமலத்தின் மகள் துர்காவின் கல்யாணப் புடவை, முக்கால்வாசி நெய்தபடி. தறியைக் கழற்றச் சொன்னார் ஆசாரி. கல்யாணப் புடவையைப் பாதியில் அறுத்து இறக்குகிற வழக்கம் இந்த வீட்டில் இல்லையென்று கமலம் மறுத்துவிட்டாள். முந்தானை முடிகிறவரை உத்திரம் தாங்காது. வேறு வழியில்லாமல், தறிக்குழியின் ஓரத்திலேயே லாரி ஜாக்கியை வைத்து, முட்டுக்கட்டை கொடுத்து உத்திரத்தைத் தூக்கினார்கள்.

கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கமலத்தின் மகன் ஹேமநாத். பத்தாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தவன். கிளி பறந்துவிடப் போகிறது, காலைக் கட்டிவையுங்கள் என்று ஏணி மேலிருந்த ஆசாரியைச் சீண்டிக்கொண்டேயிருந்தான்.

புதுப் போதிகை பாதி நுழைந்தபோது குழியோரத்து மண் பொலபொலவென்று சரிந்தது. ஜாக்கி சாய்ந்தது. உத்திரம் முனகிக்கொண்டே ஒரு விரற்கடை இறங்கியது. பாவு நூலெல்லாம் ஓட்டுத் தூசி. ஹேமநாத் முட்டுக்கட்டையை இறுக்கிப் பிடித்தான்.

"டேய், உட்டுட்டு வெளிய ஓடுறா," என்றார் ஆசாரி.

அவன் விட்டால் உத்திரம் ஏணியையும் அவரையும் தறி மேலேயே தள்ளும். கட்டைக்குத் தோளை அண்டக் கொடுத்தான்.

"கால் மாட்டிகினுகீது ஆசாரி. செருப்பு ஜாக்கிக்கு அடியில பூட்ச்சு. நீங்க ஜல்தியா அடிங்க."

ஆசாரி மரக் கொட்டாப்புளியை ஓங்கினார். ஒவ்வொரு அடிக்கும் கட்டை அவன் தோளில் இறங்கியது. கடைசி அடியில் கிளி மூக்குவரை உள்ளே போய் உட்கார்ந்தது. உத்திரம் அதன்மேல் சாய்ந்து அடங்கியது.

கமலம் பாவின் மேலிருந்த தூசியை ஊதி ஊதிப் பார்த்தாள். ஒரு இழைகூட அறவில்லை.

ஆசாரி இறங்கினார். வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். ஹேமநாத்தின் வெறுங்காலைப் பார்த்தார்.

"ரெண்டு செருப்பும் வாசப்படியாண்ட கெடக்குது. தறியாண்ட செருப்பு போட்டுகினு நிக்க உங்கம்மா உடுவாங்களாடா?"