மூடியில் மிஞ்சிய ஸ்பிளிட் பின்

கண்ணை மூடிக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிடுவார் சாமிக்கண்ணு. ஸ்க்ரூ டிரைவரின் முனை டிரம் பிரேக்கின் தட்டில், பிடி அவர் காதில். உள்ளே சீராக உரசினால் முகம் மலரும். விட்டுவிட்டு உரசினால் போச்சு, சக்கரத்தை மறுபடி கழற்றுவார். "டிரம்மு முட்டை ஷேப்பா போயிருச்சுலா, சும்மா பிரேக் ஷூ மாத்தி என்னா புண்ணியம்?"

பெம்பான் ஊரில் வீட்டுக் கார் போர்ச்சில்தான் பட்டறை. கிழட்டு மோட்டார் சைக்கிள்கள்தான் சொந்தபந்தம். டிரம்மைத் திறந்தால் தூசியை ஈரத்துணியால் ஒற்றியெடுப்பார். யாராவது வாயைக் குவித்தால் பாய்வார்: "ஊதாதீங்க! லங்ஸுக்கு ஸ்பேர் பார்ட் இல்ல!" தேய்ந்த சாமான் உடனே குப்பைக்குப் போகும். மீண்டும் மாட்ட வேண்டியது மைலோ டின் மூடியில் கிடக்கும். வேலை முடிந்தால் மூடி காலியாக இருக்க வேண்டும்.

இன்று காலியாக இல்லை. பள்ளிக் கேண்டீனில் சமைக்கும் குஞ்சம்மா தன் பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளில் கிளம்பிப் போன பிறகு பார்க்கிறார், மூடியில் ஒரு ஸ்பிளிட் பின்! பின்பக்க பிரேக் தட்டைச் சுழலாமல் பிடித்திருக்கும் கம்பியின் நட்டு கழலாமல் காப்பது அதுதான். அது இல்லாமல் கோயில் மேட்டில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால்? சக்கரம் பூட்டிக்கொண்டு ஆளைத் தூக்கியடிக்கும். "ஐயோ முனியாண்டி, அக்காவ நிப்பாட்டுப்பா!" பின்னைக் கையில் எடுத்துக்கொண்டு, செருப்புக்கூட மாட்டாமல் ஓடினார்.

முனீஸ்வரர் கோயில் வாசலில் நின்றது கப்சாய். பட்டறைக்குப் போய்வந்த வண்டியை எலுமிச்சம்பழம் நசுக்காமல் மேட்டில் இறக்க மாட்டார் குஞ்சம்மா. பழம் டயருக்கடியில் தயார். பூசாரியைத்தான் காணோம்.

"என்னா தம்பி, இப்படி மூச்சு வாங்குது? இந்தப் பூசாரி எப்பவும் லேட்டுலா."

நல்லாயிருக்கட்டும் அந்தச் சோம்பேறி மனுஷன்! சாமிக்கண்ணு தரையில் படுத்து எட்டிப் பார்த்தார். நட்டில் புத்தம்புதுப் பின் பளபளத்தது. அவர் கையில் இருந்தது கழற்றிய பழசு. குஞ்சம்மாவின் ஊர்க்கதைக்கு 'ம்' கொட்டிக்கொண்டே, குப்பையில் எறிய வேண்டியதை மூடியில் போட்டிருக்கிறார். அப்பாடா! வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. தார் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"எதுக்குப்பா ஓடியாந்த?"

"சாமி கும்பிடத்தான்க்கா."

பூசாரி வந்தார். பழம் நசுங்கியது. வண்டி மேட்டில் இறங்கி, முச்சந்தியில் ஒழுங்காக நின்று, ஜாசின் பக்கம் திரும்பியது. அதுவரை பார்த்துவிட்டுத்தான் சாமிக்கண்ணு எழுந்து உள்ளே போனார். பழைய பின்னைச் சட்டையில் துடைத்து, முனீஸ்வரரின் சூலத்தடியில் வைத்தார்.