சாரமில்லை, சித்தப்பா

பத்திரிகையில் பிழை திருத்தி ஓய்வு பெற்ற நான், நெல்லையிலிருந்து வந்து திருவனந்தபுரம் ஆரியசாலையில் தனியாக இருக்கிறேன். என் கதவைத் தட்டுபவள் இங்கேயே பிறந்து வளர்ந்த அண்ணன் மகள் மட்டும்தான். ப்ளஸ் டூ படிக்கிறாள்.

இளையோருக்கான திகில் மர்ம நாவல் ஒன்றை ஆசையாகத் தந்தாள். அடுத்த ஞாயிறு, "பேயும் பயமுறுத்தலை, கொலைகாரன் யாருன்னு ரெண்டாம் அத்தியாயத்திலேயே தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

"சாரமில்லை, சித்தப்பா."

நாவலில் சாரமில்லை என்று அவளும் ஒப்புக்கொள்வதாக நினைத்து, மற்ற குறைகளையும் அடுக்கினேன். பிறகு நான்கு ஞாயிறுகள் அவள் வரவில்லை.

சாலை பஜாரில் தெரியாமல் ஒரு பெண்ணின் காலை மிதித்து மன்னிப்புக் கேட்டேன். "சாரமில்லை, சாரே" என்றாள். மலையாளத்தில் அது 'பரவாயில்லை' என்று அப்போதுதான் உறைத்தது. உடனே போன் செய்தேன்.

"கதையில உனக்கு எந்த இடம் பிடிச்சுது?"

"இப்பவாவது கேக்கத் தோணிச்சே! ரெண்டாம் பாகம் கொண்டு வரட்டா?"

இப்போதெல்லாம் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். இரண்டாம் பாகம் இன்னும் மோசம். அவளிடம் சொல்லவில்லை.