இடது எஞ்சினில் நெருப்பு

எங்கள் பழவேற்காடு வீட்டின் பின்பக்கம் அப்போதெல்லாம் இரண்டு வாசனைகள் கலந்து வரும். ஒன்று, முற்றத்தில் காயும் இறால். இன்னொன்று, சுவரில் விமானத்தை ஒட்டுவதற்கு நான் காய்ச்சிய மைதாப் பசை...

விமானம் என்றால் காகித விமானம்தான். ஜெட் பைலட்டுக்கு எதிரே இருக்கும் டயல்கள், சுவிட்சுகள், பிடிகள் அத்தனையும் அசல் அளவில் அச்சடித்த பெரிய பெரிய தாள்கள்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணம் ஆன புதிது. என் வீட்டுக்காரர் நஜீர் மீனம்பாக்கத்தில் சின்ன விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கியிருந்தார். பைலட் மாப்பிள்ளை என்று சொல்லித்தான் என்னைப் பெண் கேட்டார்கள். லைசென்ஸ் மட்டும் இருந்தால் வேலை கிடைக்காது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எந்தக் கம்பெனிக்கு எழுதினாலும் ஒரே கேள்வி: ஜெட் ஓட்டியிருக்கிறாயா?

யாராவது கொடுத்தால்தானே ஓட்ட முடியும்...

வெளிநாட்டில் ஒரு பயிற்சிப் பள்ளிக்குச் சொந்தக் காசில் போய் ஜெட் கற்றுக்கொண்டு வரலாம். அது ஒன்றுதான் வழி. கற்று வந்தாலும் வேலை நிச்சயம் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

இவரும் இவருடைய அண்ணனும் சேர்ந்து இறால் வியாபாரம் வைத்திருந்தார்கள். ஏரி இறாலுக்கு நல்ல கிராக்கி வந்த நேரம் அது. அண்ணன் நல்ல மனிதர், ஆனால் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுவார். உன் பங்கைப் பிரித்துத் தருகிறேன், அதற்குப் பிறகு உனக்கு இதில் பங்கு கிடையாது, வேலை கிடைக்காமல் திரும்பி வந்தால் கூலிக்குத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று சொல்லிவிட்டார்.

இவருக்குச் சில நாள் சோறே இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நீ இன்னா சொல்ற ஜீனத்? இருக்கறதும் பூடும்."

"போய்ட்டு வாங்க மச்சான். இங்கயே இருந்தீங்கன்னா ஆயுசுக்கும் வானத்தையே பாத்துனு இருப்பீங்க."

அவ்வளவுதான். உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே சொன்னேன்.

பள்ளியிலிருந்து அந்தத் தாள்கள் தபாலில் வந்தன. கிடங்கு அறையின் சுவரில் ஒட்டினோம். இவர் முக்காலியில் உட்காருவார். வலது பக்கம் கவிழ்த்துப் போட்ட இறால் பெட்டியில் நான். தாள்களோடு வந்த செக்லிஸ்ட்டை, எட்டாவது வரை படித்த இங்கிலீஷில் நான் ஒவ்வொரு வரியாகப் படிக்க, இவர் அந்தந்த சுவிட்சைத் தொட்டுப் பதில் சொல்வார். "ஃப்யூவல் பம்ப்?" "ஆன்." "ஃபிளாப்ஸ்?" "செட்." நாளாக ஆக எனக்கே எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆபத்து எப்போது வரும் என்று பைலட்டுக்குத் தெரியாது, அதனால் நீயும் நான் எதிர்பார்க்காத நேரத்தில் ஏதாவது ஒரு ஆபத்தைச் சொல் என்றார். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஒருநாள் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். இவர் கிடங்கு அறையில் தனியாகப் பறந்துகொண்டிருந்தார். உரக்கக் கத்தினேன்.

"மச்சான், இடது எஞ்சின்ல நெருப்பு!"

பசியாவரத்திலிருந்து படகில் இறால் கொண்டுவரும் ஏழுமலை அந்த நேரம் பார்த்து முற்றத்தில் நின்றிருக்கிறார். அவர் காதில் நெருப்பு என்பது மட்டும்தான் விழுந்தது. தொட்டியில் வாளியை முக்கி எடுத்துக்கொண்டு கிடங்கு அறைக்குள் பாய்ந்து, இவர் தலையிலிருந்து சுவர் வரை ஒரே வீச்சு. ஜெட் விமானத்தின் பாதி உரிந்து கீழே விழுந்தது.

நான் கரண்டியோடு ஓடிப் போனேன். தண்ணீர் சொட்டச் சொட்ட இவர் முக்காலியை விட்டு அசையவே இல்லை. எரிபொருளை நிறுத்தி, ஃபயர் ஹேண்டிலை இழுத்து, மிச்சமிருந்த காகிதத்தில் எல்லாவற்றையும் வரிசையாக முடித்தார். பிறகுதான் திரும்பினார்.

"அணைஞ்சிச்சு. இனிமே ஒத்த எஞ்சின்ல இறங்கணும்."

ஏழுமலை வெறும் வாளியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் தரையில் உட்கார்ந்து சிரித்தார். மறுநாள் அவரே வந்து தாள்களை ஒட்ட ஒத்தாசை செய்தார். அதன் பிறகு இறால் இறக்க வரும்போதெல்லாம் முதலில் விசாரிப்பது இதைத்தான்: "இன்னிக்கு பத்திரமா எறங்குனீங்களா பாய்?"

இவர் போனார், பாஸ் செய்தார், சர்டிஃபிகேட்டோடு திரும்பினார். வேலைதான் வரவில்லை. ஒரு வருடத்துக்கும் மேலாக அண்ணனிடமே கூலிக்கு இறால் எடை போட்டார். ஜெட் ஓட்டுகிற கை தராசு பிடிக்கிறது என்று கேலி பேசியவர்கள் உண்டு. இவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, சாயங்காலம் கைகழுவிக்கொண்டு முக்காலியில் வந்து உட்காருவார். நானும் சளைக்காமல் படிப்பேன். உள்ளுக்குள் எனக்குக் கலக்கம் இல்லாமல் இல்லை... அதை அவரிடம் காட்டவில்லை.

கடைசியில் ஆப்பிரிக்காவிலிருந்து, சரக்கு ஏற்றும் ஒரு சின்னக் கம்பெனி கூப்பிட்டது. பிறகு வளைகுடாவில் பெரிய கம்பெனி. அங்கே முதல்முறை இவர் ஓட்டிய விமானத்தில் நான் போனபோது என்னைக் காக்பிட்டில் பின் சீட்டில் உட்கார வைத்தார். அந்தக் காலத்தில் அதற்கெல்லாம் விடுவார்கள். கோ-பைலட் ஒரு வரி படித்தால் என் வாய் அடுத்த வரியை முணுமுணுத்தது. அந்த ஆள் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இவர் முன்னால் பார்த்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது என் தங்கை பேரனும் பைலட் லைசென்ஸ் வாங்கியிருக்கிறான். அவனுக்கும் ஜெட் பயிற்சிக்குச் சொந்தக் காசு கட்ட வேண்டுமாம். பேங்க் லோன் கொடுக்கிறது, பாடமெல்லாம் ஐபேடில் இருக்கிறது, சுவரும் பசையும் தேவையில்லை. வேலைக்கு உத்தரவாதம் மட்டும் இன்றைக்கும் கிடையாது.

போன வாரம் தங்கை போன் செய்து, அனுப்பட்டுமா அக்கா என்று கேட்டாள். லோன் கட்ட முடியாமல் போனால், வேலை கிடைக்காமல் போனால், அவன் மனசு உடைந்துபோனால் என்று எனக்குள் என்னென்னவோ ஓடியது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சாப்பிடும்போது இவரிடம் சொன்னதும், நீயா யோசிக்கிறாய் என்று ரொம்ப நேரம் சிரித்தார்.

மறுநாள் தங்கையைக் கூப்பிட்டு அனுப்பச் சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்த ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கமில்லை. இருபது வயதில் இந்தப் பயமெல்லாம் எங்கே போயிருந்ததோ...