பன்னிரண்டுக்குள் கையெழுத்து

எல்லாவற்றையும் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். ஆனால் இது நடந்தது. நேரங்கள் மட்டும் தப்பாகாது. அவற்றை அன்றே குறித்து வைத்தேன்.

மலைமேல் ஒரு வானாய்வுக்கூடம். ஆய்வு மாணவர்களுக்கு அங்கே ஆறு மாதத் தற்காலிக ஃபெலோஷிப். ஒரே இடம். அது என் நண்பன் நெட்டையனுக்குக் கிடைத்தது. அவன் சேராவிட்டால் எனக்கு. நான்கு வருடம் ஒரே பேராசிரியரிடம், பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தவர்கள் நாங்கள். வாழ்த்துச் சொன்னபோது வாய் சிரித்தது. வயிறு எரிந்தது. போதாததற்கு, அவனுக்கு உதவியாளாக என்னை முன்பே மேலே அனுப்பிவிட்டார்கள்.

இரவு 10.20. போன்.

“மச்சான், அடிவாரத்துல இருக்கேன். ஒரே பனி. காலைல வரட்டுமா?”

மறுநாள் காலை பத்து மணிவரை சேர்க்கைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம் என்ற கடிதம் என் முன்னால்தான் கிடந்தது.

“நைட் பன்னெண்டுக்குள்ள போடலன்னா சீட்டு போயிடும்டா.”

“போனா உனக்குத்தானே? ஆசையைப் பாரு!” சிரித்தான். “வரேன், இரு.”

தவிக்கட்டும் என்றுதான் சொன்னேன். அதற்குமேல் எதுவும் நினைக்கவில்லை என்று நம்ப விரும்புகிறேன். சேர்க்கைப் பதிவேட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். வந்தாலும் தேடட்டும். சாவி என் சட்டைப்பையில்.

பனி இருந்தால் நட்சத்திரம் தெரியாது. அந்த மாதிரி இரவுகளில் கேமராவை மூடி வைத்து இருட்டையே படமெடுப்போம், அதன் சொந்தக் குறைகளைத் தெரிந்துகொள்ள. ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம். படம் முழுக்கக் கறுப்பாக இருக்க வேண்டும்.

10.50. கறுப்பு.

10.55. நடுவில் இரண்டு புள்ளிகள். பக்கத்துப் பக்கத்தில்.

11.00. கொஞ்சம் பெரிதாக...

தொலைநோக்கியை இயக்கும் அண்ணன் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு அங்கிருந்தே போனில் சொன்னார்: “மூடி சரியாத்தான் இருக்கு. சீட்டு போன துக்கத்துல பட்டப்பகல்லயே நட்சத்திரம் தெரியும் உனக்கு. முகத்தைக் கழுவு, போ.”

11.05. இரண்டு வெளிச்சங்கள். என்னை நோக்கி வருவதுபோல.

11.10. ஒன்றுதான். சாய்ந்து...

11.15. கறுப்பு.

11.52. இரும்புப் படிகள். டங்... டங்...

இரண்டிரண்டு படியாகத் தாண்டும் கால்கள். நெட்டையன் அப்படித்தான் ஏறுவான்.

‘வந்து தொலைச்சுட்டானே.’ அதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

“வந்துட்டியா?” திரும்பாமலே கேட்டேன்.



முதுகுக்குப் பின்னால் பீரோவின் கைப்பிடி... கடக்.

தாள் புரளும் சத்தம்.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

பீரோ பூட்டியபடியே இருந்தது.

காலையில் போலீஸ் வந்தது. மூன்றாவது வளைவில் கார் பள்ளத்தில் கிடந்தது. விழுந்த சத்தத்தை வனக்காவலர் கேட்டது 11.08க்கு. அப்போதே இறந்துவிட்டான் என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் பீரோவைத் திறந்தேன். பதிவேட்டில் அவன் கையெழுத்து. பக்கத்தில் நேரம், 11.52. தாள் நனைந்திருந்தது.

அவன் கையெழுத்துதான் என்று பேராசிரியரே சொன்னார். சேர்ந்தவனின் இடத்தை அடுத்தவனுக்குத் தர விதியில்லை. ஆறு மாதமும் அது அவன் பெயரிலேயே காலியாக இருந்தது. அண்ணன் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நெட்டையனின் அக்கா அவன் புத்தகங்களை எடுத்துப் போக வந்தபோது, “கடைசியா உன்கிட்டதான் பேசினானாமே, என்னப்பா சொன்னான்?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்லக்கா” என்றேன். நான் படிப்பை விட்டுவிட்டேன். இப்போது ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறேன்.