டாக்சிக்காரரின் நான்கு சக்கரங்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில், கவரைப்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு டாக்சிக்காரர் இருந்தார். பார்வை மங்கிவிட்டதால் இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரைச் செங்கல் மேல் நிறுத்திவிட்டு, சக்கரங்களை வாசலில் போட்டு உப்புத்தாளால் துருவைத் தேய்ப்பார். தேய்த்த இடத்தில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். சொரசொரப்பு கன்னத்துக்குத்தான் தெரியுமாம். பிறகு வெள்ளி நிறப் பெயிண்ட் அடிப்பார்.

"எதுக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

"வாங்க வர்றவன் மொதல்ல சக்கரத்ததான் சார் பாப்பான். ஊட்ல ரெண்டு பொண்ணுங்க கீதுங்க. இது வித்தாதான் எதுனா ஆவும்."

ஒரு ஞாயிறன்று கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒருவர் வந்தார். என்ஜினைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"காரு வேணாம் நைனா. சக்கரம் மட்டும் குடு."

டாக்சிக்காரர் தலையாட்டினார்.

நான்கையும் கட்டை வண்டியில் ஏற்றினார்கள். அது நகர்ந்ததும் அவர் தட்டுத்தடுமாறிப் பின்னால் ஓடினார். மனம் மாறிவிட்டார் என்றே நினைத்தேன்.

"ஒண்ணுமேல ஒண்ணு அடுக்காதீங்கப்பா! பெயிண்ட் இன்னும் காயல!"

சக்கரமில்லாத காரை இனி யாரும் வாங்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? வேறொருவருடையதாகிவிட்ட சக்கரத்துக்காக அவர் ஏன் அப்படி ஓடினார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.